பரங்கிமலையிலிருந்து கோட்டைக்கு: ஒரு தொழிலாளி வேட்பாளர் முதலில் எதைக் கேட்க வேண்டும்?

(எம்.சி. ராஜா நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம். தாம்பரம்)



பரங்கிமலையில் மின்ரயில் ஏறினால் ஏழாவது நிறுத்தம் தாம்பரம். அந்தப் பரங்கிமலையில் 1883இல் பிறந்தவர் பெருந்தலைவர் எம்.சி. ராஜா. பள்ளி ஆசிரியராக இருந்தார். 1920இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குள் நம் மக்களின் பிரதிநிதியாக நுழைந்தார். இழிவாக ஒலித்த பெயர்களை அரசு ஏடுகளிலிருந்து நீக்கி 'ஆதிதிராவிடர்' என்று எழுத வேண்டும் என 1922இல் தீர்மானம் கொண்டுவந்து அதை அரசாணையாக்கினார். ஒருவர் உள்ளே போனதால் ஒரு மாகாணமே நம்மை அழைக்கும் சொல் மாறியது. அவர் பெயரால் நடக்கும் இந்தக் கூட்டத்தில் சட்டமன்றத்தைப் பற்றித்தான் பேச வேண்டும் என்று எங்கள் மன்றத்தில் முடிவெடுத்தோம்.

நினைவுச் சொற்பொழிவு என்றால் மாலை போட்டுப் புகழ்ந்துவிட்டுப் போவது இல்லை. அவர் செய்ததையும், அவரால் முடியாமல் போனதையும், அவர் தவறியதையும் சேர்த்துப் பேசினால்தான் அவரை மதித்ததாகும். அந்த உரிமையை எடுத்துக்கொண்டே பேசுகிறோம்.

இந்தப் பேச்சுக்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் மாதக் கூட்டத்துக்குத் தவறாமல் வருகிற ஒரு தோழர், தூய்மைப் பணியில் ஒப்பந்தத் தொழிலாளி. பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். போன கூட்டத்தில் தேர்தல் பேச்சு வந்தது. யார் நிற்பார், எந்தக் கூட்டணி, எவ்வளவு செலவு என்று நாங்கள் பேசிக்கொண்டே போனோம். கடைசி வரிசையில் இருந்த அவர் கேட்டார்: "தம்பி, நானே நின்னா மொதல்ல இன்னாத்த கேக்கணும்?"

நாங்கள் சிரித்தோம். இப்போது அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. 'ஜெயிக்க முடியுமா' என்று அவர் கேட்கவில்லை. நின்றால் எதை முதலில் கேட்பது என்றுதான் கேட்டார். கட்சிகளே தங்களைக் கேட்டுக்கொள்ளாத கேள்வி அது. அன்று எங்களிடம் பதில் இல்லை. இந்தப் பேச்சு அவருக்கான பதில்.

1. இந்த ஊர் யாருடைய உழைப்பு

தாம்பரத்தைச் சுற்றிய ஊர்களின் பெயர்களிலேயே உழைப்பு இருக்கிறது. குரோம் லெதர் கம்பெனி வந்ததால்தான் அது குரோம்பேட்டை. சுண்ணாம்புக் குழியிலும் தோல் ஊறும் தொட்டியிலும் இறங்கி நின்றவர்கள் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பல்லாவரம், திரிசூலம், பம்மல் பக்கம் மலையை உடைத்துச் சென்னைக்கு ஜல்லி அனுப்பியவர்கள் யார்? 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்ரயில் ஓடியபோது தண்டவாளத்தோரம் குடிசை போட்டுத் தங்கியவர்கள் யார்? 1984இல் மெப்ஸ் வந்தது. சானடோரியம் நிலையத்தில் காலை ஷிப்டுக்கு இறங்கும் பெண்களின் கூட்டத்தை இன்றும் பார்க்கலாம். கிழக்கே ஓ.எம்.ஆர். கண்ணாடிக் கட்டடங்களின் தரையைத் துடைக்க விடியற்காலையில் ஷேர் ஆட்டோ பிடிப்பவர்கள் கண்ணகி நகரிலிருந்தும் செம்மஞ்சேரியிலிருந்தும் பெரும்பாக்கத்திலிருந்தும் வருகிறார்கள்.

2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி உருவானது. 70 வார்டுகள். 2022இல் மேயர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. 25 வயது க. வசந்தகுமாரி முதல் மேயரானார். அதே ஆண்டு சென்னைக்கு ஆர். பிரியா. சட்டம் ஒதுக்கியதால் நாற்காலி கிடைத்தது. ஆனால் தாம்பரம், பல்லாவரம், சோழிங்கநல்லூர், ஆலந்தூர் எல்லாமே சட்டமன்றத்தில் பொதுத் தொகுதிகள். தமிழகத்தின் 234 இடங்களில் பட்டியல் சாதித் தனித்தொகுதிகள் 44, பழங்குடித் தொகுதிகள் 2. மீதி எல்லாம் 'பொது' என்று பெயர். அங்கே நம் ஆளை நிறுத்தக் கட்சிகளின் கை எளிதில் எழுவதில்லை.

முடியாததா? இல்லை. 2021இல் பக்கத்துத் திருப்போரூர் பொதுத் தொகுதியில் விடுதலைச் சிறுத்தைகளின் எஸ்.எஸ். பாலாஜி வென்றார். 2001 இடைத்தேர்தலில் திருச்சி பொதுத் தொகுதியில் தலித் எழில்மலை நாடாளுமன்றத்துக்குப் போனார். வழி இருக்கிறது. நடந்தவர்கள் குறைவு.

உழைப்பாளியாகவே உள்ளே போனவர்களும் இருக்கிறார்கள். 2021இல் திருத்துறைப்பூண்டியில் இந்திய கம்யூனிஸ்ட் கட்சியின் க. மாரிமுத்து குடிசை வீட்டிலிருந்து சட்டமன்றத்துக்குப் போனார். கந்தர்வகோட்டையில் மார்க்சிஸ்ட் கட்சியின் மா. சின்னதுரை வென்றார். 2022இல் பஞ்சாப் பதௌர் தொகுதியில் செல்போன் பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்த லாப் சிங் உகோகே, முதலமைச்சராக இருந்த சரண்ஜித் சிங் சன்னியையே தோற்கடித்தார். மகன் எம்.எல்.ஏ. ஆன பிறகும் அவருடைய தாய் அரசுப் பள்ளியில் துப்புரவு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். மூன்றும் தனித்தொகுதிகள் என்பதைக் கவனியுங்கள். உழைப்பாளி உள்ளே நுழைய அம்பேத்கர் போராடித் திறந்த கதவுதான் இன்னும் உதவுகிறது.

2. 1921 சொல்லும் பாடம்

'தொழிலாளி வேட்பாளர்' என்று சொல்லும்போது ஒரு பழைய காயத்தைத் தொடாமல் போக முடியாது. 1918இல் இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமான சென்னைத் தொழிலாளர் சங்கம் பெரம்பூர் மில் தொழிலாளிகளைக் கொண்டு பிறந்தது. 1921இல் பக்கிங்ஹாம் கர்நாட்டிக் மில் வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளிகளில் பெரும்பகுதியினர் சேரவில்லை. எம்.சி. ராஜா அவர்கள் பக்கம் நின்றார். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, மோதல் நடந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது.

நம்மவர்களைக் 'கருங்காலி' என்று எழுதிவைத்த வரலாறு உண்டு. சேமிப்போ, ஊரில் ஒரு காணி நிலமோ, கடன் கொடுக்க ஒரு சொந்தமோ இல்லாதவன் எத்தனை மாதம் வேலைநிறுத்தம் செய்வான் என்று அந்த வரலாறு கேட்கவில்லை. அதே சமயம் நாம் நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும். முதலாளி பக்கம் நின்றதால் நம் மக்களுக்கு நீடித்த லாபம் கிடைத்ததா? இல்லை. சாதியைப் பேசாத சங்கமும், சங்கத்தை நம்பாத சாதித் தலைமையும் சேர்ந்து இழந்த கதை அது.

அண்ணல் அம்பேத்கர் இந்த முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். 1936இல் அவர் தொடங்கிய கட்சிக்குச் சுதந்திரத் தொழிலாளர் கட்சி என்று பெயர் வைத்தார். சாதிப் பெயர் அதில் இல்லை. 1937 பம்பாய்த் தேர்தலில் நிறுத்திய 17 பேரில் பெரும்பாலோர் வென்றார்கள். உள்ளே போனதும் கொங்கணக் குத்தகை விவசாயிகளுக்காகக் கோத்தி முறை ஒழிப்பு மசோதா கொண்டுவந்தார். 1938இல் வேலைநிறுத்த உரிமையைப் பறிக்கும் தொழில் தகராறு மசோதாவை எதிர்த்துக் கம்யூனிஸ்ட்களோடு சேர்ந்து ஒரு நாள் வேலைநிறுத்தம் நடத்தினார். அதே ஆண்டு மன்மாடில் தாழ்த்தப்பட்ட ரயில்வே தொழிலாளிகளின் மாநாட்டில் தொழிலாளிக்கு இரண்டு எதிரிகள் என்றார்: பார்ப்பனியம், முதலாளித்துவம். பம்பாய் மில்களில் நெசவுப் பிரிவில் நம்மவரைச் சேர்க்காததைத் தொழிற்சங்கம் கேட்காமல் விட்டதை அவர் மறைக்கவும் இல்லை, அதற்காகத் தொழிலாளி அரசியலைக் கைவிடவும் இல்லை.

அக்கா நின்றால் அந்த வழியில்தான் நிற்க வேண்டும். மெப்ஸ் வாசலில் நிற்கும் எல்லாச் சாதிப் பெண்ணிடமும் ஓட்டுக் கேட்க வேண்டும். கேட்கும்போது தான் யார் என்பதை மறைக்கவும் கூடாது.

3. நிற்பதற்கு ஆகும் விலை

மாணவர்கள் இந்தக் கணக்கைக் குறித்துக்கொள்ளுங்கள். சட்டமன்றத் தேர்தலில் வைப்புத்தொகை 10,000 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளருக்கு 5,000. பொதுத் தொகுதியில் நின்றாலும் 5,000தான், பலருக்கு இது தெரியாது. அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு முன்மொழிய ஒருவர் போதும். சுயேச்சைக்கு அந்தத் தொகுதி வாக்காளர் பத்துப் பேர் கையெழுத்திட வேண்டும். பதிவான செல்லத்தக்க வாக்கில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டாவிட்டால் வைப்புத்தொகை போய்விடும். இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் வாக்கு பதிவானால் நாற்பதாயிரத்தைத் தாண்ட வேண்டும்.

ஒரு வேட்பாளர் சட்டப்படி செலவழிக்கக்கூடிய உச்சவரம்பு 40 லட்சம் ரூபாய். அக்காவின் சம்பளத்தை மாதம் இருபதாயிரம் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு பைசா சாப்பிடாமல் சேர்த்தாலும் 200 மாதம், பதினாறு ஆண்டு எட்டு மாதம். இது சட்டம் அனுமதிக்கும் செலவு மட்டும்தான். ஓட்டுக்குக் கவர் கொடுக்கும் செலவு எந்தக் கணக்கிலும் வராது.

தொகுதிகளின் அளவையும் பாருங்கள். 2021இல் சோழிங்கநல்லூரில் 6 லட்சத்து 90 ஆயிரத்துக்கும் மேல் வாக்காளர்கள். துறைமுகத்தில் 2 லட்சத்துக்கும் குறைவு. நகரத்துக்குள் கூவம் ஓரத்திலிருந்து பெயர்த்தெடுத்துப் பெரும்பாக்கத்தில் போட்ட குடும்பத்தின் ஒரு ஓட்டுக்கு, அது பழைய இடத்தில் இருந்திருந்தால் கிடைத்திருக்கும் எடை இங்கே கிடைப்பதில்லை. வீட்டோடு சேர்த்து ஓட்டின் எடையும் போயிற்று.

4. எது முதலில்

எங்கள் மன்றத்தில் இதைப் பற்றி மூன்று ஞாயிற்றுக்கிழமை சண்டை போட்டோம். மூத்த தோழர்கள் பஞ்சமி நிலம்தான் முதல் என்றார்கள். மாணவர்கள் ஆணவக் கொலைத் தடுப்புச் சட்டம் என்றார்கள். அக்கா சொன்னது எங்களில் யாரும் எதிர்பார்க்காதது. "காலைல ஆறு மணிக்குத் தெருவுக்கு வர்றோம். ஒதுங்க இடம் கெடையாது. துணி மாத்த ஒரு ரூம் கெடையாது. ஊரு கக்கூசைக் கழுவுறவளுக்குக் கக்கூஸ் இல்ல."

எங்களில் ஒருவர், அது கவுன்சிலர் வேலை, சட்டமன்றத்தில் பேசுகிற விஷயம் இல்லை என்றார். அக்கா திருப்பிக் கேட்டார்: "கவுன்சிலர் வேலைய கவுன்சிலர் செஞ்சா நான் ஏன் எம்.எல்.ஏ.வப் பத்திப் பேசுறேன்?"

அந்தப் பதிலிலிருந்துதான் வரிசை பிறந்தது. நாங்கள் ஒரு விதி வைத்துக்கொண்டோம். உயிர் போகிற விஷயம் முதலில். மாநிலச் சட்டமன்றத்தின் கையில் இருக்கிற விஷயம் அடுத்து. டெல்லியைக் கைகாட்டித் தப்பிக்க முடிகிற விஷயம் கடைசியில்.

முதலாவது, குழியில் சாவு. 2013இல் சட்டம் வந்தது. 2014இல் உச்ச நீதிமன்றம் கழிவுநீர்க் குழியில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் கொடுக்கச் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இழப்பீடு உயர்ந்துகொண்டே போகிறது, சாவு நிற்கவில்லை. இத்தகைய சாவுகளில் முதல் வரிசையில் நிற்கும் மாநிலங்களில் ஒன்று நம்முடையது. புறநகரில் பாதாளச் சாக்கடை எட்டாத தெருக்கள் நிறைய. ஒவ்வொரு அடுக்குமாடியின் கீழும் ஒரு செப்டிக் டேங்க். மூடியைத் திறந்து ஆளை இறக்கும் வீட்டுக்காரர், ஒப்பந்தக்காரர் மீது வழக்கு எத்தனை, தண்டனை எத்தனை என்று ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் கேள்வி நேரத்தில் கேட்பது நம் வேட்பாளரின் முதல் வேலை. அமைச்சர் அவையில் கொடுத்த வாக்கை நிறைவேற்றினாரா என்று பார்க்க அரசு உறுதிமொழிக் குழு என்றே ஒன்று சட்டமன்றத்தில் இருக்கிறது. அதைப் பயன்படுத்தத் தெரிந்திருக்க வேண்டும். அக்கா கேட்ட கழிப்பறையும் உடை மாற்றும் அறையும் இந்த முதல் இடத்திலேயே வரும். தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு மூன்று கோடி. முதல் ஆண்டுப் பணத்தில் முதல் செலவு அதுவாக இருக்கட்டும்.

இரண்டாவது, வேலை நிரந்தரம். தமிழ்நாட்டில் 1981ஆம் ஆண்டின் நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டம் இருக்கிறது. தொழில் நிறுவனத்தில் 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது. டெல்லியில் போட்ட சட்டம் இல்லை, நம் கோட்டையில் போட்டது. ஆனால் ஒப்பந்தக்காரர் மாறிக்கொண்டே இருந்தால் நாள் எண்ணிக்கையை யார் வைத்திருப்பது? பத்து ஆண்டு அதே தெருவைப் பெருக்கியவர் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் புது ஆளாகிறார். 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களைத் தனியாரிடம் கொடுப்பதை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன் 13 நாள் உட்கார்ந்தார்கள். நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டார்கள். அவர்கள் குரல் நடைபாதையில் நின்றுபோனது. அது அவைக்குள் ஒலிக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் மாறினாலும் வேலை நாள் தொடரும் என்று அந்தச் சட்டத்தில் ஒரு திருத்தம் கேட்க வேண்டும்.

தனிநபர் மசோதாவால் என்ன ஆகும் என்பவர்களுக்கு எம்.சி. ராஜாவையே காட்டுகிறோம். 1938இல் அவர் கொண்டுவந்த பொது இடங்களில் சமூக இடையூறுகளை நீக்கும் மசோதா சட்டமானது. அதே ஆண்டு அவருடைய கோயில் நுழைவு மசோதாவைப் பிரதமர் ராஜாஜி ஏற்கவில்லை, அவை தோற்கடித்தது. ஒன்று வென்றது, ஒன்று தோற்றது. தோற்றதும் பதிவேட்டில் இருக்கிறது. யார் எந்தப் பக்கம் கை தூக்கினார் என்பது தெரிகிறது. தோற்கும் மசோதாவுக்கும் அந்தப் பயன் உண்டு.

மூன்றாவது, வீடு. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். பெரும்பாக்கத்தில் மட்டும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரையிலிருந்து பெயர்க்கப்பட்டவர்கள் பலர் அங்கே. வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லிச் சதுப்பு நிலத்தோரம் குடியமர்த்தினார்கள். 1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு என்பதுதான் கனவு. இப்போது வாரியத்தின் பெயர் மாறிவிட்டது, இடமும் முப்பது கிலோமீட்டர் தள்ளிப்போகிறது. இருக்கும் இடத்திலேயே வீடு, பள்ளிக் கல்வி ஆண்டின் நடுவில் வெளியேற்றக் கூடாது, குடியேறியவர் பெயரில் பத்திரம். மூன்றும் மாநில அரசின் கையில் இருப்பவை.

நான்காவது, பஞ்சமி நிலம். மூத்த தோழர்கள் கோபப்பட வேண்டாம். நான்காவது என்பதால் சின்னது இல்லை. இது நம் மாவட்டத்தில் பிறந்த கோரிக்கை. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கையால்தான் 1892இல் அரசாணை வந்தது, சுமார் 12 லட்சம் ஏக்கர் நம் மக்களுக்கு ஒதுக்கப்பட்டது. 1994 அக்டோபர் 10 அன்று காரணை நிலப் போராட்டத்தில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரையும் துப்பாக்கிக் குண்டுக்குப் பலி கொடுத்தோம். அந்த நிலங்களின் மேல் இன்று மனைப்பிரிவுகளும் மதில்களும் நிற்கின்றன. வட்டம் வாரியாகப் பஞ்சமி நிலப் பட்டியலை அவையில் வைக்கச் சொல்லிக் கேட்பது முதல் படி. பட்டியல் வெளியே வராமல் மீட்பு இல்லை.

ஐந்தாவது, ஆணவக் கொலைக்குத் தனிச் சட்டம். கிராமத்தில்தான் நடக்கும், நகரத்தில் சாதி இல்லை என்று சொல்பவர்களுக்கு: 2024 பிப்ரவரியில் பள்ளிக்கரணையில், ஐ.டி. நிறுவனங்கள் கூப்பிடு தூரத்தில் இருக்கும் தெருவில், சாதி மறுத்துத் திருமணம் செய்த தலித் இளைஞரைப் பெண்ணின் உறவினரும் கூட்டாளிகளும் வெட்டிக் கொன்றார்கள். உயிர் முதலில் என்ற எங்கள் விதிப்படி இது முதல் இடத்துக்கே வர வேண்டும் என்று ஒரு மாணவி எழுந்து வாதாடினார். அவர் சொன்னது சரி. பதிலில்லாமல் ஒத்துக்கொண்டோம். ஆகவே அச்சில் ஐந்தாவதாக இருந்தாலும் பிரச்சாரத்தில் குழிச் சாவும் ஆணவக் கொலையும் ஒரே மூச்சில் சொல்லப்படும்.

5. தோற்றால்?

அக்கா தோற்கலாம். வைப்புத்தொகையும் போகலாம். அதைச் சொல்லாமல் அவரை நிற்கச் சொல்வது ஏமாற்று வேலை. பிரச்சாரத்துக்கு எடுக்கும் லீவுக்குச் சம்பளம் போகும். திரும்பிப் போகும்போது வேலை இருக்குமா என்பதற்கும் யாரும் உத்தரவாதம் தரப்போவதில்லை. 1997இல் மேலவளவு முருகேசன் ஊராட்சித் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்ததற்காகக் கொல்லப்பட்டார். நம்மவர் தேர்தலில் நிற்பது எப்போதும் உடம்பைப் பணயம் வைப்பதுதான்.

அதனால் அக்காவிடம் 'நில்லுங்கள்' என்று நாங்கள் சொல்லவில்லை. 'நீங்கள் நின்றால் நாங்கள் இருப்போம்' என்றுதான் சொல்லியிருக்கிறோம். அதற்கு என்ன பொருள் என்று இந்த மேடையிலேயே சொல்லிவிடுகிறோம். வைப்புத்தொகை 5,000 இந்த அரங்கில் பத்து பத்து ரூபாயாகச் சேரும். முன்மொழியப் பத்துப் பேர் இப்போதே பெயர் கொடுக்கலாம். வேட்பாளர் தாக்கல் செய்யும் 26ஆம் படிவத்தைச் சட்டம் படிக்கும் மாணவர்கள் நிரப்பித் தர வேண்டும். தகவல் உரிமை மனுக்கள் எழுத ஒரு குழு, வாக்குச்சாவடி முகவராக உட்கார ஒரு குழு. அவர் லீவு போடும் நாட்களுக்கான சம்பளத்தை மன்றம் ஈடுகட்டும். அவர் நிற்கவில்லை என்றாலும் இந்த ஐந்து கோரிக்கைகளும் துண்டறிக்கையாகும். ஓட்டுக் கேட்டு வரும் ஒவ்வொரு வேட்பாளரின் கையிலும் கொடுத்துக் கையெழுத்து வாங்குவோம். கையெழுத்துப் போடாதவர் பெயரும் தெருவுக்குத் தெரியட்டும்.

செங்கல்பட்டு மாவட்டக் கோழியாளத்தில் பிறந்த தாத்தா இரட்டைமலை சீனிவாசன் 1924இல் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். பொதுத் தெரு, பொதுக் கிணறு எல்லோருக்கும் உரியது என்றார். அது அரசாணையாயிற்று. நூறு ஆண்டு கழித்தும் அந்தத் தெருவைப் பெருக்குகிறவருக்கு அந்தத் தெருவில் ஒதுங்க இடமில்லை. தாத்தாவின் தீர்மானத்தின் மிச்சத்தைத்தான் அக்கா கேட்கிறார்.

கூட்டம் முடிந்ததும் வாசலில் இரண்டு நோட்டுப் புத்தகங்கள் இருக்கும். ஒன்றில் பெயர் எழுதுங்கள். இன்னொன்றில் உங்கள் தெருவில் முதலில் எதைக் கேட்க வேண்டும் என்று எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு மாணவர்கள் எழுதித் தருவார்கள்.